லீலா அக்காவின் ஜீப்புக்குப் படி வைத்த வாரம்

கொழும்புக்குப் போகிறவர்கள் சேலை, முறுக்கு, அப்பளம் என்று கொண்டுபோவார்கள். நான் கோணிச்சாக்கில் சுற்றிய இரண்டு இரும்புப் படிகளைக் கொண்டுபோனேன். அங்கே சண்டை நடந்துகொண்டிருந்த காலம். "இந்த நேரத்துல அங்க எதுக்குய்யா போற, கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று போடியில் கேட்காத ஆள் இல்லை. என் மனைவி மட்டும் கேட்கவில்லை. லீலா அக்காவுக்கு நான் வாக்குக் கொடுத்தபோது அவளும் பக்கத்தில் நின்றிருந்தாள்.

எனக்குப் போடிநாயக்கனூரில் ஜீப் பட்டறை. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளுக்குக் கூரை, சீட்டு, பக்கவாட்டுப் படி எல்லாம் அடித்துக் கொடுப்பேன். எங்கள் ஊரில் ஜீப்பின் படி ஏறுவதற்கு இல்லை, தொங்குவதற்கு. உள்ளே இருக்கிறவர்களைவிட வெளியே படியில் தொங்குகிறவர்கள்தான் அதிகம். அப்படித் தொங்கியும் நான் வைத்த படி ஒன்றுகூட இதுவரை முறிந்ததில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லீலா அக்கா கொழும்பு வெள்ளவத்தைக்காரர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பு எலும்பு முறிந்து மதுரையில் ஆபரேஷன் செய்துகொண்டபோது, கணவரோடு என் தங்கை வீட்டுக் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தார். தாழ்வான இருக்கையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கார் ஆகாது, ஆட்டோ ஆகாது. என் ஜீப்பின் சீட்டு நாற்காலி உயரத்துக்கு இருக்கும், ஏறுவதற்குக் கீழே என் படி இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்து, "ம், எடுங்கோ தம்பி" என்பார். ஊர் திரும்பும் நாளில், "எங்கடை ஜீப்புக்கும் இப்பிடி ஒரு படி வேணும்" என்றார். நானே வந்து மாட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தேன். காலி வீதியிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கையின், அதாவது சந்தின், கடைசி வீடு. பின்சுவருக்கு அப்பால் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். ரயில் வந்தால் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு, போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குகிறார்கள். யாரும் எரிச்சல்படுவதில்லை. நான்தான் முதல் நாள் முழுக்க ரயிலோடு போட்டி போட்டுக் கத்திப் பேசித் தொண்டையைக் கெடுத்துக்கொண்டேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். எங்கள் பக்கம் இடியாப்பம் என்றால் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றிக் குழந்தைக்குக் கொடுப்பதுபோல் கொடுப்பார்கள். இங்கே மஞ்சள் நிறத்தில் சொதி, சிவப்பாக இடித்த சம்பல், மீன் குழம்பு. இடியாப்பத்தைத் தட்டுத் தட்டாக அடுக்கி நடுவில் வைத்துவிடுகிறார்கள். எத்தனை எடுத்தோம் என்று எண்ணுகிற வழக்கமே இல்லை, எனக்கு அது வசதியாகப் போயிற்று. பால் ஊற்றாத தேத்தண்ணீர்தான் முதலில் மருந்துபோல் இருந்தது. இரண்டாம் நாளே அதற்கும் அடிமையாகிவிட்டேன்.

அக்காவின் கணவர் தம்பிராசா ஐயா, ஓய்வுபெற்ற நில அளவையாளர். ஜீப்பின் மேல் மூடியிருந்த தார்ப்பாயை அவர் விலக்கியதும் நான் சாப்பிட்ட கையைத் துடைக்கவும் மறந்து நின்றுவிட்டேன். இங்கிலாந்தில் செய்த அந்தக் காலத்து வண்டி. அலுமினியத் தகட்டு உடம்பு, நெற்றியில் நெருக்கமாக இரண்டு விளக்கு, மூக்கில் உதிரிச் சக்கரம். எங்கள் ஊருக்கு இப்படி ஒன்று வந்தால் பிள்ளையாரை விட்டுவிட்டு இதைச் சுற்றி வருவார்கள். வேலை பார்த்த காலத்தில் வன்னிக் காடெல்லாம் இதில்தான் அளந்தாராம். அவருடைய இலாகா அதை ஏலம் விட்டபோது தானே எடுத்துக்கொண்டார்.

"எல்லாம் வந்த மாதிரியே இருக்கு. ஒரு ஆணிகூட மாத்தேல்லை" என்றார் ஐயா. பிறகு என் சாக்கைச் சந்தேகமாகப் பார்த்தார். "படியைப் பூட்டுங்கோ. ஆனால் என்ரை ஜீப்பிலை ஒரு ஓட்டையும் போடக்கூடாது."

"ஓட்டை போடாம எப்படிங்கய்யா?"

"அது உங்கடை கெட்டித்தனம்."

அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "உந்த மனிசனுக்கு ஜீப்பிலை ஓட்டை விழக்கூடாது. மனிசி விழுந்தால் பரவாயில்லை."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மத்தியானம் சோறு போட்டுவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அக்காவின் தங்கை ராணி களனி ஆற்றுக்கு அப்பால் ஹெந்தளையில் இருக்கிறார். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர் ஒருவரைக் கட்டி அந்தப் பக்கம் போனவர். பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்து ஒரு வருடத்துக்கு மேல். போன மாதத்திலிருந்து சாப்பாடும் இறங்கவில்லை, வீட்டோடு வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அக்கா அவரைப் பார்த்து ஏழெட்டு மாதம் ஆகிறது.

"டெலிபோன்ல பேசலாமேக்கா?"

"அவளுக்கு வாய் கோணிப்போச்சுத் தம்பி. முழு வயசும் நான் ஆரார் குரலையோ கேட்டு லைன் குடுத்தனான். எந்தக் கரகரப்புக்குள்ளையும் ஆள் என்ன சொல்லுது எண்டு பிடிப்பன். இப்ப என்ரை தங்கச்சி சொல்லுறது எனக்கு விளங்குதில்லை. முகத்தைப் பாத்தால் விளங்கும். ஞாயிற்றுக்கிழமை போகவேணும். நீங்கள் அதுக்குள்ளை பூட்டித் தாங்கோ."

படி மாட்டுவதற்கு ஒரு பொழுது போதும் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

வியாழக்கிழமை ஐயாவும் நானும் ஜீப்பில் கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டோம். அங்கே ஐயாவுக்குத் தெரிந்த வெல்டர் ஒருவர் இருந்தார். பாதி வழியில் சோதனைச் சாவடி. வண்டியில் இருக்கிற எல்லாரும் இறங்க வேண்டும், அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடந்து அந்தப் பக்கம் போக வேண்டும், சோதனை முடிந்த வண்டியை ஓட்டுகிறவர் பிறகு எடுத்து வர வேண்டும். நீளக் கம்பில் கட்டிய கண்ணாடியை ஒரு சிப்பாய் வண்டிக்கு அடியில் விட்டுப் பார்க்கிறான். பஸ்ஸிலிருந்தும் அப்படித்தான் ஐம்பது அறுபது பேர் இறங்கி, நடந்து, மறுபடி ஏறுகிறார்கள். ஒரு தள்ளுமுள்ளு இல்லை. கைக்குழந்தைக்காரிக்கு வரிசை தானாக வழி விடுகிறது. எங்கள் ஊர் பஸ்ஸில் இப்படி ஒரு தடவை எல்லாரையும் இறக்கி ஏற்றினால் ஜன்னல் சீட்டுக்காக அன்றைக்கே ஒரு கொலை விழும். இந்த ஜனங்களின் பொறுமையை நினைத்து எனக்குப் பிரமிப்பாக இருந்தது, கொஞ்சம் துக்கமாகவும் இருந்தது.

வரிசையில் நிற்கும்போதுதான் ஐயா சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு தடவை ஹெந்தளைக்குப் புறப்பட்டார்களாம். வீட்டில் ஒரு முக்காலி வைத்து அக்காவை ஏற்றியாயிற்று. களனி ஆற்றுப் பாலத்துச் சாவடியில் இறங்கச் சொன்னார்கள். முக்காலி வண்டியின் பின்னால் கிடந்தது. ஐயா அதை எடுக்கப் போனால், வண்டிக்குள் கையை விடாதே என்று அதட்டல். பின்னால் வாகனங்கள் ஹாரன் அடிக்கின்றன. ஒரு சிப்பாய் நல்ல மனதோடுதான் ஓடி வந்து அக்காவை இரண்டு கையாலும் தூக்கி இறக்கியிருக்கிறான். சோதனை முடிந்ததும் அதேபோல் தூக்கி ஏற்றியும் விட்டிருக்கிறான். வரிசையே பார்த்துக்கொண்டு நின்றதாம்.

"அண்டைக்கு வீட்டை வந்து, 'இனி நான் ஒரு இடமும் வரமாட்டன்' எண்டவ. அவ்வளவுதான். பிறகு வாசலைத் தாண்டேல்லை" என்றார் ஐயா.

அந்தச் சிப்பாய்ப் பையன் மேல் எனக்குக் கோபப்படவும் முடியவில்லை. நம் கைவேலை இன்றைக்கே இதைத் தீர்த்துவிடும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வெல்டரின் பட்டறை ஜிந்துப்பிட்டி பக்கம் போகும் ஒரு சந்தில் இருந்தது. ஒரு பக்கம் முருகன் கோயில் மணி, இன்னொரு பக்கம் மாதா கோயில் மணி, நடுவில் இவருடைய சுத்தியல். பெயர் மரியதாஸ். துறைமுகத்தில் கப்பல் தகடு ஒட்டியவர். தன் ஒட்டு கடலுக்கடியிலும் பிரியாது என்று வந்ததும் வராததுமாகச் சொன்னார். என்னைப்போலவே இன்னொரு தலைக்கனம் பிடித்த ஆள் என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் சாக்கை அவிழ்க்கும்வரைதான் இருந்தது.

என் படி நீளமான இரும்புக் குழாயில் செய்தது. இரண்டு முனையையும் தகடு வைத்து அடைத்து, ஒட்டின தடம் தெரியாமல் தேய்த்து, கறுப்புச் சாயம் அடித்திருப்பேன். அதுதான் என் முத்திரை. மரியதாஸ் அதைத் தூக்கிப் பார்த்தார், விரலால் தட்டிப் பார்த்தார், பிறகு பாம்பை வைப்பதுபோல் மெதுவாகக் கீழே வைத்தார்.

"ரெண்டு முனையையும் ஏன் பாஸ் அடைச்சீங்க?"

"தண்ணி இறங்கி உள்ளுக்குள்ள துருப்பிடிக்குமில்ல? குளவி கூடு கட்டும்."

"இதப் பூட்டிக்கிட்டு எந்தப் பாலத்தால போவீங்க? உள்ளுக்கு என்ன இருக்குன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"ஒண்ணுமில்லன்னு சொல்றது."

"ஒண்ணுமில்லன்னு எப்படிக் காட்டுவீங்க?"

ஜீப்புக்கு அடியில் புத்தம்புதிதாக ஒட்டிய, முனை அடைத்த, உள்ளே வெற்றிடம் உள்ள குழாய்கள் இரண்டு. கண்ணாடி வைத்துப் பார்க்கிறவன் கண்ணில் அது என்னவாகப் படும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டியை ஓரங்கட்டுவார்கள், ஐயாவை உள்ளே கூட்டிப்போவார்கள், அக்கா வெயிலில் நிற்பார். அவரை இறக்கி ஏற்றத்தான் நான் கடல் தாண்டி இதைச் சுமந்து வந்திருக்கிறேன். இருந்தாலும் கைவேலைக்காரனுக்கு ரோஷம் போகுமா? கடற்கரை ஊரில் முனையைத் திறந்து வைத்தால் உப்புக்காற்று அரித்துவிடும் என்று வாதாடினேன்.

"துரு மெதுவாத்தான் பாஸ் வரும். ஆமிக்காரன் சந்திக்குச் சந்தி வருவான்" என்றார் மரியதாஸ்.

குழாயே வேண்டாம், பட்டை இரும்பை இடைவெளி விட்டு அடுக்கிச் சல்லடைபோல் செய்வோம், குனிந்து பார்த்தால் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிய வேண்டும் என்றார். இந்த நாட்களில் அவர் செய்கிற எல்லாமே அப்படித்தானாம். லாரிக்குக் கருவிப்பெட்டி கேட்டாலும் கம்பி வலையில்தான் அடித்துக் கொடுக்கிறார்.

அவர் சொன்ன பிறகுதான் என் கண்ணுக்கு எல்லாம் தெரிய ஆரம்பித்தது. மத்தியானம் சோற்றுப் பார்சல் வாங்கினோம். தாளை மடித்துச் செருகியிருந்தார்களே தவிர நூல் கட்டவில்லை. தெருவில் போகிற பெண்களின் பை வாய் திறந்தே இருந்தது. துணிக் கடைக்காரர் மூட்டையை ஒரு இழுப்பில் அவிழ்கிற சுருக்கு முடிச்சாகப் போட்டுக் கொடுத்தார். மூடி வைக்கிற எதையும் இந்த ஊர் திறந்து வைக்கப் பழகியிருக்கிறது. எங்கள் ஊரில் பார்சலுக்கு ஏழு சுற்று நூல் சுற்றாவிட்டால் கடைக்காரனைக் கஞ்சன் என்போம்.

அதற்காக மரியதாஸ் சொன்னதெல்லாம் வேதம் இல்லை. படியை நேராக வண்டியின் உடம்பில் ஒட்டிவிடலாம் என்று அவர் வெல்டிங் கம்பியை எடுத்துவிட்டார். "ஐயோ, அது அலுமினியம்!" என்று நான் கையைப் பிடித்தேன். ஐயா வண்டிக்குக் குறுக்கே போய் நின்றுவிட்டார். அடிச்சட்டத்திலிருந்து பக்கத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கைகளில் யூ போல்ட் போட்டுக் கவ்வினால் ஓட்டையும் வேண்டாம், ஒட்டும் வேண்டாம் என்று நான் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே காட்டினேன். மரியதாஸும் பக்கத்தில் வந்து படுத்துப் பார்த்தார். "இது சரி" என்றார், மனசில்லாமல். ஐயாவின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் ஜீப்புக்குக் காயம் படவில்லை.

வெள்ளிக்கிழமை யூ போல்ட் வாங்க பஞ்சிகாவத்தைக்கு நான் தனியாகப் போனேன். பழைய வண்டிச் சாமான் விற்கும் கடைகள் தெருத்தெருவாக இருக்கின்றன. சொர்க்கத்தில் எனக்கு இடம் கிடைத்தால் அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு சிங்களக் கடைக்காரர், நான் கையால் வளைத்துக் காட்டியதைப் பார்த்தே சரியான அளவை எடுத்து வைத்தார். தேத்தண்ணீரும் வாங்கிக் கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தில், தெருவின் எந்தப் பக்கம் நின்று ஏற வேண்டும் என்பதை யோசிக்காமல் வந்த பஸ்ஸில் ஏறினேன். ஏறும்போது அதன் படி என்ன உயரம் என்று சாண் வைத்துப் பார்த்ததால் நடத்துநரிடம் கேட்கவும் மறந்துவிட்டேன். மாளுபாண் என்று மீன் வைத்த பன் ஒன்று வாங்கியிருந்தேன். அதைத் தின்றுவிட்டுக் கண்ணசந்தேன்.

விழித்தபோது வெளியே பிரமாண்டமான எண்ணெய்த் தொட்டிகள். கொலன்னாவை. ஊரிலேயே காவல் அதிகமான இடங்களில் ஒன்று என்று பிறகுதான் தெரிந்தது. சிப்பாய்கள் பஸ்ஸில் ஏறினார்கள். சிங்களம் தெரியாத, இந்தியக் கடவுச்சீட்டு வைத்த, பை நிறைய வளைந்த இரும்பும் நட்டும் வைத்த ஒரு தமிழன் நான். இறக்கிக் கொட்டகைக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். இது எதற்கு என்று அதிகாரி கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் "ஜீப், ஸ்டெப், சிஸ்டர்" என்றேன். புரியவில்லை. எழுந்து, இடுப்பு நோகிற ஒரு பெண் ஜீப்பில் ஏறுவதை நடித்துக் காட்டினேன். இரண்டு சிப்பாய்கள் சிரித்தார்கள், அதிகாரி சிரிக்கவில்லை. பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

என் சட்டைப்பையில் அக்காவின் டெலிபோன் எண் இருந்தது. அதிகாரி எண்ணைச் சுழற்றினார். அந்தப் பக்கம் அக்கா பேச ஆரம்பித்ததும், கால் மேல் கால் போட்டிருந்தவர் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். சத்தம் போடவில்லை அக்கா. ரிசீவரிலிருந்து கசிந்த குரல் ஒரே சீராக, தெளிவாக இருந்தது. கடைசியில் அதிகாரி சொன்ன இரண்டு மூன்று வார்த்தையில் 'மேடம்' மட்டும் எனக்குப் புரிந்தது. என்னைச் சரியான பஸ்ஸில் ஏற்றிவிட்டு, இறங்கும் இடத்தை நடத்துநரிடம் அவரே சொன்னார்.

சாயங்காலம், என்ன பேசினீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். "வேறை என்ன? நீங்கள் ஆர், என்னத்துக்கு வந்தனீங்கள் எண்டு சொன்னன். இடுப்பு முறிஞ்சதையும் சொன்னன். அந்தாளின்ரை தாய்க்கும் முழங்கால் ஏலாதாம். உந்தப் படி என்ன விலைக்கு வரும் எண்டு கேட்டவர்" என்றார். இந்தக் குரல்தான் தங்கையிடம் பேச முடியாமல் ஏழெட்டு மாதமாக வீட்டுக்குள் கிடக்கிறது என்று நினைத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

சனிக்கிழமை வேலை முடிந்தது. மரியதாஸ் பட்டை இரும்பை அடுக்கி ஒட்டிய விதம், நான் சொல்கிறேன், என்னால் முடியாது. ஒவ்வொரு இடைவெளியும் ஒன்றுபோல். ஓரங்களைச் சேலை மாட்டாதபடி வழவழப்பாகத் தேய்த்திருந்தார். நான் யூ போல்ட்டை இறுக்கினேன். என் குழாய்ப் படிகளை அறுத்து அவர் தன் வேலை மேசைக்குக் கால் வைத்துக்கொண்டார். கொஞ்சம் வலித்தது, ஆனால் மேசை ஆடவில்லை.

வெள்ளவத்தைக்கு வந்து அக்காவை ஏறிப் பார்க்கச் சொன்னோம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுக்கால் முதலில் என்று மதுரையில் பழக்கியிருந்தார்கள். நல்ல காலைப் படியில் வைத்தார், உடம்பைத் தூக்கினார், அங்கேயே நின்றுவிட்டார். பிடிக்க ஒன்றுமில்லை. என் ஜீப்பில் கைப்பிடி இருந்தது, இதில் இல்லை. கை காற்றில் துழாவியது. ஐயா ஓடிப் போய் முதுகைத் தாங்கினார். "விடுங்கோ!" என்று அக்கா போட்ட சத்தத்தில் அவர் கை தானாக விலகியது. அக்கா மெல்ல இறங்கி உள்ளே போய்விட்டார்.

கைப்பிடி வைக்கக் கதவுத் தூணில் இரண்டு ஓட்டை போட்டாக வேண்டும். அதை ஐயாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். அவர் வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் துளைபோடும் கருவி இருந்தது. என்னிடம் தரவில்லை. கதவுத் தூணைக் கையால் ஒருமுறை தடவினார். நான் பென்சிலால் குறித்துக் காட்டிய இடத்தில் முனையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். அலுமினியச் சுருள் அவர் செருப்பின்மேல் விழுந்தது. "மற்றது எங்கை?" என்று கேட்டார். நான் காட்டினேன், அதையும் போட்டார். நில அளவைக்காரரின் கை, இம்மியும் விலகவில்லை. வேலையில் மிஞ்சிய பட்டை இரும்பை வளைத்து நான் அங்கே கைப்பிடியாக மாட்டினேன்.

இருட்டுவதற்குள் அக்கா ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ரயில் போய்வருவதையும் பொருட்படுத்தாமல் பழகினார். "காணும், போதும், கால் நோகப்போகுது" என்று ஐயா சொன்னது அவர் காதில் விழவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பாலத்துக்கு முன்னால் வாகன வரிசை. ஐயா ஓட்டினார், முன் சீட்டில் அக்கா, மடியில் தங்கைக்குப் பிடித்த பால் கட்டி என்கிற பால் இனிப்பு வைத்த பாத்திரம், மூடி திறந்தபடி. நான் பின்னால். சிப்பாய் கையைக் காட்டினான், இறங்கச் சொன்னான். அக்கா கைப்பிடியைப் பற்றி, திரும்பி, நோவுக்காலைப் படியில் வைத்து, பிறகு நல்ல காலை இறக்கி, தரையில் நின்றார். கைத்தடியை நான் நீட்டினேன். கண்ணாடிக்காரன் வண்டிக்கு அடியில் விட்டான். படிக்கு நேராக நிறுத்தினான். குனிந்தான். புது இரும்பு, புது போல்ட். படியின் இடைவெளிகளுக்குள் விரலை விட்டு அந்தப் பக்கம் ஆட்டிப் பார்த்தான், நிமிர்ந்து, போகலாம் என்று தலையசைத்தான். மரியதாஸுக்கு அந்த இடத்திலேயே ஒரு கும்பிடு போட்டேன்.

ஹெந்தளை வீடு கடலுக்குப் பக்கத்தில், தென்னைகளுக்குள் இருந்தது. ராணி அக்காவின் மகன் வாசலுக்கு ஓடி வந்தார். ஜீப் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே அம்மா முனகியதாகவும், தன்னைக் கதவுப் பக்கம் திருப்பிப் படுக்க வைக்கச் சொல்கிறார் என்று புரிந்து திருப்பியதாகவும் சொன்னார். லீலா அக்கா கட்டிலருகே உயரமான நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். ராணி அக்காவின் வாயிலிருந்து சத்தங்கள் வந்தன, எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஓமடி, நான்தான் பிந்திப்போனன்" என்றார். மறுபடி சத்தங்கள். "இல்லை, ஒருத்தரும் தூக்கேல்லை. நானாத்தான் இறங்கினனான்." ராணி அக்காவின் முகத்தில் அசைகிற பாதி சிரித்தது. நானும் ஐயாவும் வெளியே வந்து தென்னை மரத்தடியில் நின்றோம். உள்ளே இரண்டு பேரும் மத்தியானம் வரை கதைத்தார்கள். பால் கட்டியில் இரண்டு கரண்டி உள்ளே போயிற்று என்று மகன் வந்து சொன்னார்.

அடுத்த ஞாயிறு தங்கை இருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது. திரும்பி வரும்போது அது அக்காவின் முகத்தில் இருந்தது. பாலத்தில் மறுபடி வரிசை, மறுபடி நிறுத்தினார்கள். காலையில் இருந்த அதே சிப்பாய். வெயில் கொளுத்தியது. அவன் ஜன்னலருகே வந்து, அக்காவின் கைத்தடியைப் பார்த்துச் சிங்களத்தில் மரியாதையாக ஏதோ சொன்னான். ஐயா எனக்குத் தமிழில் சொன்னார்: "அம்மா இறங்க வேண்டாமாம். உள்ளையே இருக்கட்டாம், நாங்கள் ரெண்டு பேரும் இறங்கினால் காணுமாம்."

நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டு நான் இறங்கினேன். ஐயாவும் இறங்கினார். அதற்குள் அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. அக்கா கைப்பிடியைப் பிடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார். சிப்பாய் பதறி, வேண்டாம் வேண்டாம் என்று கையை நீட்டினான். அக்கா அவனிடம் சிங்களத்தில் மெதுவாக ஒன்று சொன்னார். அவன் கையை இறக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றான்.

"என்ன சொல்றாங்க?" என்று ஐயாவைக் கேட்டேன்.

"'எல்லாரும் இறங்கி நடக்கிற இடத்திலை நானும் நடப்பன் மகன். எனக்கு இப்ப ஏலும்' எண்டுறா."

நோவுக்கால், பிறகு நல்ல கால். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களின் வரிசையில், கூடை வைத்திருந்த ஒரு பெண்ணுக்குப் பின்னால் போய் நின்று, அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார். வரிசை நகர நகர, தடியை ஊன்றி நடந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சோதனை முடிந்த ஜீப்பை ஐயா அந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார்; இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்டு, கையை நீட்டாமல், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அக்கா ஏறினார், உட்கார்ந்தார், கதவைத் தானே சாத்தினார்.

நாங்கள் இரண்டு பேரும் இன்னும் தரையில்தான் நின்றிருந்தோம். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்றார். "ஏறுங்கோ, பின்னாலை ஹோர்ன் அடிக்கிறான்."